திடீர் இதயச் செயலிழப்பில் மார்ஃபின்: ஒன்றரை நூற்றாண்டு வரலாறு

இதயத்தின் இறைக்கும் ஆற்றல் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வேகமாகக் குறைந்து, நுரையீரலிலும் உடலிலும் நீர் தேங்கும் நிலை திடீர் இதயச் செயலிழப்பு எனப்படும். பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இதய நிறுத்தம், இது வேறு. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் மாரடைப்பு இதற்குக் காரணமாக அமையலாம்.

இந்த நிலையில் மூச்சுத் திணறும் நோயாளிக்கு மார்ஃபின் ஊசி போடுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் நிலைத்த மருத்துவ வழக்கம். 2021இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் அதை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அறிவித்தது. ஊசி போட்டதும் நோயாளிக்கு ஆறுதல் கிடைப்பதை ஒவ்வொரு மருத்துவரும் கண்ணால் பார்த்தார். அந்த ஆறுதல் அவரது உயிரைக் காக்கிறதா, இல்லையா என்று எண்ணிப் பார்க்க மருத்துவ உலகுக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. அந்தத் தாமதம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயாளி படும் பாடு

இடது கீழறை இரத்தத்தை உடலுக்குச் சரியாகத் தள்ள முடியாதபோது, பின்னால் நுரையீரலில் இருந்து வரும் இரத்தம் தேங்குகிறது. அங்குள்ள தந்துகிகளில் அழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் நீர் கசிந்து, காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளுக்குள் புகுகிறது. இதை நுரையீரல் நீர்க்கோர்வை என்பர். பெரும்பாலும் இரவில், படுத்துத் தூங்கும்போது வரும். நோயாளி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவிப்பார். உடல் சில்லிட்டு வியர்க்கும். முற்றினால் வாயில் இளஞ்சிவப்பு நுரை வரும்.

இதில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மூச்சு முட்டும் பயத்தில் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இரத்த நாளங்கள் இறுகுகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே களைத்த இதயம் இன்னும் கூடுதல் எதிர்ப்பைத் தாண்டித் தள்ள வேண்டியதாகிறது. அதனால் நீர் மேலும் தேங்க, மூச்சு மேலும் முட்ட, பயம் மேலும் கூடும். பயத்தைத் தணித்தால் இந்தச் சுழலை அறுக்கலாம் என்ற எண்ணம் தோன்றியது இயல்பே. பயத்தைத் தணிப்பதில் அபினுக்கு நிகரான பொருள் அந்தக் காலத்தில் வேறு இல்லை.

அபினிலிருந்து மார்ஃபின்

நம் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் உலர்ந்து அபின் ஆகிறது. அதன் மயக்கும் குணத்தைப் பல நாகரிகங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தன. சிக்கல் அளவில் இருந்தது. ஒரு கட்டி அபினில் வீரியம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இன்று தூங்கவைத்த அளவு நாளை கொன்றுவிடலாம்.

ஜெர்மனியின் பாடர்போர்ன் நகர மருந்துக்கடையில் உதவியாளராக இருந்த ஃபிரீட்ரிக் செர்ட்டியூர்னர், 1804ஐ ஒட்டிய ஆண்டுகளில் அபினின் வீரியம் எதில் உள்ளது என்று தேடி, அதைத் தனியே பிரித்தெடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத இளைஞர். அவர் முதலில் எழுதியதை அறிவியல் உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1817இல் அவர் விரிவாக எழுதிய கட்டுரையில்தான், தானும் மூன்று இளைஞர்களும் அந்தப் பொருளை உட்கொண்டு பார்த்த சோதனை இடம்பெற்றது. நால்வரும் கடுமையாக நோய்ப்பட்டுப் பிழைத்தார்கள். கிரேக்கக் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரால் அதற்கு மார்ஃபியம் என்று பெயரிட்டார். பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் அக்கட்டுரையைக் கவனித்துப் பரப்பியபோது அது மார்ஃபின் ஆயிற்று. டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் நிறுவனம் 1827இல் அதை விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கியது.

அடுத்த தேவை ஊசி. எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் உட் 1853இல் துளையுள்ள ஊசி கொண்டு மார்ஃபினைத் தோலுக்கடியில் செலுத்தி நரம்பு வலிக்குச் சிகிச்சை அளித்தார். அளந்து, சில நிமிடத்தில் பலன் தரும்படி மருந்து கொடுக்கும் வழி இப்போது வந்துவிட்டது.

ஆல்பட்டின் இரு கட்டுரைகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட் என்ற பெயரை மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் செய்த ஒரு பொருளை மட்டும் எல்லோரும் வாயில் வைத்திருக்கிறோம்: காய்ச்சல் பார்க்கும் சிறிய வெப்பமானி. ஓர் அடி நீளத்தில் இருந்த கருவியைச் சட்டைப்பையில் அடங்கும்படி சுருக்கியவர் அவர்.

1869இல் ‘பிராக்டிஷனர்’ என்ற மருத்துவ இதழில், இதய நோய்களிலும் பெருநாள நோய்களிலும் தோலடி மார்ஃபின் ஊசியின் பயனைப் பற்றி அவர் எழுதினார். உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிக்கும் இதய நோயாளிகளுக்கு ஊசி தந்த நிம்மதியை அவர் தம் கண்ணால் கண்டவர். இதய நோயின் மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் என்ற வழக்கம் வேர்விட இக்கட்டுரை முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டே, 1870இல், அதே இதழில் அதே ஆல்பட் இன்னொரு கட்டுரை எழுதினார். இம்முறை தலைப்பு மார்ஃபின் ஊசியின் தவறான பயன்பாடு பற்றியது. நரம்பு வலிக்காக மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்ட சிலர், ஊசி இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டதை அவர் கவனித்திருந்தார். வலியைத் தீர்க்கும் ஊசியே அந்த வேதனையை வளர்க்கிறதோ என்ற ஐயத்தை அவர் எழுப்பினார். தான் பரிந்துரைத்த மருந்தைப் பற்றித் தானே ஓர் ஆண்டுக்குள் எச்சரித்த மருத்துவர்கள் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை. ஆனால் மருத்துவ உலகம் அவருடைய முதல் கட்டுரையின் கருத்தை இறுகப் பற்றிக்கொண்டது. இரண்டாவதன் கருத்து போதைப் பழக்கம் பற்றிய பேச்சோடு ஒதுங்கிவிட்டது. இதய நோயாளிக்கு ஊசி நல்லதுதானா என்ற கேள்வியை யாரும் அதன்மேல் எழுப்பவில்லை.

வேறு என்ன இருந்தது?

அந்த மருத்துவர்களைக் குறை சொல்லும் முன், அவர்கள் கையில் வேறென்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். வில்லியம் விதரிங் 1785இல் நூலாக எழுதி அறிமுகப்படுத்திய டிஜிட்டாலிஸ் இருந்தது. அது மெதுவாக வேலை செய்வது. நள்ளிரவில் மூச்சு முட்டுபவருக்கு உடனே உதவாது. நாளத்தைக் கீறி இரத்தம் வடிக்கும் முறை இருந்தது. நான்கு கை கால்களில் மூன்றை மாறி மாறிப் பட்டையால் கட்டி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும் முறையும் 20ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் இருந்தது. பாதரசம் கலந்த சிறுநீர்ப் பெருக்கி மருந்துகள் 1919க்குப் பிறகு வந்தன. அவையும் நஞ்சு கலந்தவையே. இந்த வரிசையில் மார்ஃபின் ஊசியை வைத்துப் பாருங்கள். போட்ட சில நிமிடத்தில் நோயாளியின் முகம் தெளிகிறது, மூச்சு நிதானப்படுகிறது, பக்கத்தில் நிற்கும் குடும்பத்தினர் பெருமூச்சு விடுகிறார்கள். எந்த மருத்துவர் இதைக் கைவிடுவார்?

காரணம் தேடிய காலம்

மருந்து வேலை செய்கிறது என்று முடிவு செய்துவிட்டபின் அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். வரிசை தலைகீழ் என்பதை வாசகர் கவனிக்கலாம். மார்ஃபின் சிரைகளைத் தளர்த்துகிறது. எனவே இரத்தம் கை கால்களில் தேங்கி இதயத்தின் சுமை குறைகிறது. கத்தி இல்லாமல் இரத்தம் வடிப்பதைப் போன்றது இது என்று விளக்கினார்கள். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். சிரைகள் தளர்வது உண்மையே. ஆனால் 1976இல் நுரையீரல் நீர்க்கோர்வை நோயாளிகளிடம் அளந்தபோது, கை கால்களில் தேங்கிய இரத்தம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நோயாளியின் தெளிவுக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று தெரிந்தது. மீதி மூளையில் நடக்கிறது. மார்ஃபின் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973இல் உறுதியாயிற்று.

அந்த ஏற்பிகளில்தான் ஆபத்தும் இருக்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூச்சை வேகப்படுத்தும்படி மூளைத்தண்டு கட்டளையிடும். மார்ஃபின் அந்த மையத்தை மந்தப்படுத்துகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது நோயாளி அமைதியாக மூச்சு விடுவதாகத் தோன்றும். உள்ளே வாயு சேர்ந்துகொண்டிருக்கலாம். அமைதியான முகம் நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், கெட்ட அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதே இம்மருந்தின் இக்கட்டு. இதோடு வாந்தி வரலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம், குடலின் அசைவு குறைந்து வாய்வழி மருந்துகள் ஏறத் தாமதமாகலாம்.

எல், எம், என், ஓ, பி

1960களின் நடுவில் ஃபுரோசமைடு விற்பனைக்கு வந்தது. லேசிக்ஸ் என்ற பெயரில் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அறிந்த மாத்திரை அது. ஊசியாகப் போட்டால் சிறிது நேரத்தில் சிறுநீராக நீர் வெளியேறும். நாளங்களை விரிக்கும் நைட்ரேட் மருந்துகளும் இதய அவசர சிகிச்சைக்குள் வந்தன. பிறகு முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்று செலுத்தும் கருவிகள் வந்தன. மார்ஃபின் இல்லாமலே சமாளிக்கும் வழிகள் பெருகின. ஆனால் புதியவை வந்ததால் பழையது வெளியேறவில்லை. பட்டியலில் அதற்கும் ஓர் இடம் கொடுக்கப்பட்டது.

ஆங்கிலவழி மருத்துவ மாணவர்கள் அந்தப் பட்டியலை எழுத்து வரிசையில் மனப்பாடம் செய்தார்கள். எல் என்றால் லேசிக்ஸ், எம் மார்ஃபின், என் நைட்ரேட், ஓ ஆக்சிஜன், பி என்பது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைக்கும் பொசிஷன். ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்தடுத்து வரும் ஐந்து எழுத்துகள்! எம்மை எடுத்துவிட்டால் வரிசை அறுந்துபோகும். பள்ளியில் பல ஆண்டுகள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: நாக்கில் ஏறிய பாடத்தை மூளையிலிருந்து இறக்குவது லேசான காரியம் அல்ல. மார்ஃபின் நீடித்ததில் இந்த மனப்பாட வரிசைக்கும் ஒரு சிறு பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எண்ணிப் பார்த்தபோது

1987இல் அமெரிக்காவில் ஆம்புலன்சிலேயே தரும் மருந்துகளை ஒப்பிட்ட ஒரு சிறு ஆய்வு, நைட்ரோகிளிசரின் உதவுகிறது என்றும் மார்ஃபின் கூடுதல் பலன் தரவில்லை, தீங்கும் செய்யலாம் என்றும் கூறியது. நீர்க்கோர்வை என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு அந்த நோயே இல்லை என்பதும் பின்னர் தெரிந்தது. நிமோனியாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவருக்கு மூச்சை மந்தப்படுத்தும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய அதிர்ச்சி 2008இல் வந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்யும் ‘அட்ஹியர்’ பதிவேட்டில் இருந்த 1,47,362 சேர்க்கைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 20,782 பேர், அதாவது 14.1 சதவீதத்தினர், மார்ஃபின் பெற்றிருந்தனர். மார்ஃபின் பெற்றவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 13.0 சதவீதம். பெறாதவர்களில் 2.4 சதவீதம். செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்கள் முறையே 15.4, 2.8 சதவீதம். நோயாளிகளின் மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் பெரிதாகவே நின்றது.

இந்த இடத்தில் மாணவர்கள் நிதானிக்க வேண்டும். ஒரு பள்ளியில் கணக்கு டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளில் தோல்வியடைபவர்கள் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். டியூஷன்தான் அவர்களைத் தோற்கடித்தது என்று சொல்லலாமா? கணக்கு வராத பிள்ளையைத்தானே பெற்றோர் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அதுபோல, மிகவும் தவிக்கும் நோயாளிக்குத்தான் மருத்துவர் மார்ஃபின் போடுகிறார். இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்து, வேதனையைக் குறைக்க மட்டும் போடுவதும் உண்டு. அவர்களில் இறப்பு அதிகமாக இருப்பதற்கு மருந்து காரணமா, நோயின் கடுமை காரணமா?

இதைப் பிரித்தறிய, ஒரே அளவு நோயுற்றவர்களை ஜோடி சேர்த்து ஒப்பிடும் முறையைக் கையாண்டார்கள். 2011இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் 2,336 பேரில் 218 பேர் மார்ஃபின் பெற்றிருந்தார்கள். நேரடியாகப் பார்த்தால் இறப்பு 11.5 சதவீதம், மற்றவர்களில் 5.0 சதவீதம். 218 பேருக்கும் ஏற்ற ஜோடி தேடி ஒப்பிட்டபோது வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மார்ஃபின் தப்பித்தது என்று பலர் நினைத்தனர். 2017இல் ஸ்பெயினின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வந்த ஆய்வு அதை மீண்டும் கூண்டில் ஏற்றியது. அங்கே 6,516 பேரில் 416 பேர் மார்ஃபின் பெற்றவர்கள். 275 ஜோடிகளை ஒப்பிட்டதில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் மார்ஃபின் பிரிவில் 20.0 சதவீதம், மற்றதில் 12.7 சதவீதம்.

ஒரே முறையைக் கையாண்டு இரு நாடுகள் இரு விடை சொல்கின்றன. எட்டிலிருந்து பார்க்கும் கணக்கின் எல்லை இதுதான். ஏட்டில் எழுதப்பட்டதை வைத்துத்தான் ஜோடி சேர்க்க முடியும். அந்த நிமிடம் மருத்துவர் நோயாளியின் முகத்தில் என்ன கண்டு ஊசியை எடுத்தார் என்பது ஏட்டில் இருக்காது.

வழிகாட்டிகள் மாறிய விதம்

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2008இல் கூட, தவிப்பும் மூச்சுத்திணறலும் உள்ள கடுமையான நோயாளிக்குத் தொடக்கத்திலேயே மார்ஃபினைக் கருதலாம் என்று எழுதியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் அபின் வகை மருந்துகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. ஐரோப்பியக் கழகம் 2016இல் ‘எச்சரிக்கையோடு கருதலாம்’ என்று இறங்கி வந்தது. 2021இல் வழக்கமாகத் தரக் கூடாது, தணியாத கடும் வலியோ பதற்றமோ உள்ள சிலருக்கு மட்டும் விலக்கு என்று முடித்தது. பதின்மூன்று ஆண்டுகளில் ‘தரலாம்’ என்பது ‘தர வேண்டாம்’ ஆயிற்று.

நியாயத்துக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதே நோயில் ஃபுரோசமைடும் பெரிய அளவில் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டதல்ல. நைஸ் அமைப்பு அதே 2014 ஏட்டில் நைட்ரேட்டையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றே எழுதியது. சான்றுக் குறை மார்ஃபினுக்கு மட்டும் உரியதல்ல. மார்ஃபின் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அதன் தீங்கு நடக்கும் வழியும் நமக்குத் தெரியும் என்பதே.

குலுக்கல் சோதனை

இத்தகைய வழக்கை முடிக்கும் வழி ஒன்றுதான். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்காமல் குலுக்கலுக்கு விட வேண்டும். அப்போதுதான் கடும் நோயாளிகள் ஒரே பக்கம் சேர மாட்டார்கள். ஸ்பெயினின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து ‘மிமோ’ என்ற பெயரில் அதைச் செய்தன. நுரையீரல் நீர்க்கோர்வையும் பதற்றமும் உள்ளவர்களில் ஒரு பகுதிக்கு மார்ஃபின், மறு பகுதிக்கு மிடசோலம் என்ற வேறுவகை அமைதியூட்டி. 111 பேர் சேர்ந்த நிலையில் பாதுகாப்புக் குழு சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டது. மார்ஃபின் பெற்ற 56 பேரில் 24 பேருக்குக் கடுமையான தீய விளைவுகள். மிடசோலம் பெற்ற 55 பேரில் 10 பேருக்கு. மருத்துவமனையில் இறந்தவர்கள் முறையே 10, 7. இறப்பில் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். தீய விளைவுகளில் உள்ளதை அப்படித் தள்ள முடியாது.

முடிவு அச்சில் வந்தது 2022இல். ஆல்பட்டின் கட்டுரைக்கு 153 ஆண்டுகள் கழித்து! வழிகாட்டி மாறியதும் அதற்கு முந்தைய ஆண்டே நடந்துவிட்டது. இந்தச் சோதனையும் சிறியது; பாதியில் நின்றது; யாருக்கு எந்த மருந்து என்பது மருத்துவருக்குத் தெரிந்தே நடந்தது. மிடசோலத்தோடு ஒப்பிட்டதே தவிர, ஒன்றும் தராமல் விட்டவர்களோடு ஒப்பிடவில்லை. எனவே மார்ஃபின் எத்தனை பேரைக் கொன்றது என்ற கேள்விக்கு இதில் விடை கிடையாது.

மார்ஃபினின் மற்ற இடங்கள்

இதைப் படித்துவிட்டு மார்ஃபினே தீயது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. புற்றுநோயின் கடும் வலிக்கு அது இன்றியமையாதது; உலக நலவாழ்வு அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. மருந்துக்காகச் சட்டப்படி அபின் விளைவிக்கும் நாடு இந்தியா. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அதைப் பக்குவப்படுத்துகின்றன. அப்படியிருந்தும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமச் சிக்கல்களால், வலியில் துடிக்கும் நம் நாட்டு நோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைப்பது அரிதாக இருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு விதிகள் எளிதாக்கப்பட்டன. ஓரிடத்தில் தேவைக்கு மேல் தாராளம், இன்னோரிடத்தில் தேவைக்கும் கிடைக்காத பஞ்சம் என்பதே இம்மருந்தின் கதை.

இதய நோயிலும் அதற்கு ஓர் இடம் எஞ்சியுள்ளது. எல்லாச் சிகிச்சையும் ஓய்ந்து இறுதிக் கட்டத்துக்கு வந்த இதயச் செயலிழப்பு நோயாளியின் மூச்சுத்திணறலுக்கு, வலி தணிப்பு மருத்துவர்கள் சிறிய அளவில் மார்ஃபின் தருகிறார்கள். அங்கே ஆயுளைக் கூட்டுவது நோக்கமல்ல. அந்த இரவு அவர் தூங்க வேண்டும் என்பதே நோக்கம். 1869இல் லீட்ஸ் மருத்துவர் தம் நோயாளிகளுக்குத் தேடியதும் அதைத்தான்.